டீச்சரிடம் கேளுங்கள்: ‘எங்களைக் கேட்காமல் ஏன் மாற்றினார்கள்?’

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான். நாம் தினமும் திறந்து பார்க்கும் சமூக ஊடகத் தளங்களை நடத்துகிறவர்கள் திடீரென்று எதையாவது மாற்றுகிறார்கள், எடுத்துவிடுகிறார்கள், காசு கேட்கிறார்கள். பயன்படுத்துகிறவர்கள் கொதிக்கிறார்கள். அப்புறம்? மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வாசகர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லும் இடத்தில் தளத்தின் பெயரை எடுத்துவிட்டேன்.

தெலுக் இந்தான் வாசகர்: டீச்சர், எனக்கு 71 வயது. சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கத்தான் அந்தத் தளத்தில் சேர்ந்தேன். மூன்று மாதமாகப் பேரப்பிள்ளைகள் வருவதில்லை. யாரோ மீன் வெட்டுகிறார்கள், யாரோ ஆடுகிறார்கள். புகார் எழுதினேன். என்னைப் போல் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பதிலும் இல்லை. நம் பேச்சுக்கு மதிப்பே கிடையாதா?

மதிப்பு உண்டு ஐயா. ஆனால் எல்லாருடைய பேச்சுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. அதுதான் என் வருத்தமும்.

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் முதன்முறையாக ‘நியூஸ் ஃபீட்’ கொண்டுவந்தது. அதுவரை ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்கு நாமே போக வேண்டும். ஒரே நாளில் எல்லாருடைய நடமாட்டமும் எல்லார் கண்ணிலும் பட ஆரம்பித்தது. எதிர்ப்புக் குழுக்களில் சில நாட்களிலேயே லட்சக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தார்கள். நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், யார் எதைப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தார். ஆனால் நியூஸ் ஃபீடை எடுக்கவில்லை. இன்று ஃபேஸ்புக் என்றாலே நம் கண்முன் வருவது அதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2009இல் பயன்பாட்டு விதிகளை மாற்றியதற்காக வந்த எதிர்ப்பை அடக்க, ‘இனி முக்கியமான மாற்றங்களுக்குப் பயனர்களே வாக்களிக்கலாம்’ என்று அதே நிறுவனம் அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மொத்தப் பயனர்களில் 30 விழுக்காட்டினர் வாக்களித்தால்தான் முடிவு செல்லும். 2012 டிசம்பரில், அந்த வாக்குரிமையையே எடுத்துவிடலாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 668,000 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினர் ‘வேண்டாம், எடுக்காதீர்கள்’ என்றார்கள். அப்போது ஃபேஸ்புக்கில் இருந்தவர்கள் 1 பில்லியனுக்கு மேல். 30 விழுக்காடு என்றால் 300 மில்லியன் பேர். அத்தனை பேரை எந்த ஊர்த் தேர்தலில் திரட்ட முடியும்? வாக்குரிமை போய்விட்டது.

சரி, எதிர்ப்பு வென்ற கதையும் ஒன்று உண்டு. 2022 ஜூலையில் இன்ஸ்டாகிராம் திரை முழுவதையும் காணொலியாக்கப் பார்த்தது, தெரியாதவர்களின் பதிவுகளைக் கூடுதலாகக் காட்டியது. உங்களுக்கு நடந்தது அதேதான். புகைப்படக்காரர்கள் மனுப் போட்டார்கள். அமெரிக்கப் பிரபலங்களான கைலி ஜென்னரும் கிம் கர்தாஷியனும் அதைப் பகிர்ந்தார்கள். சில நாட்களில் நிர்வாகம் பின்வாங்கியது. உங்கள் ஆயிரம் பேருக்குக் கிடைக்காத பதில் அவர்களுக்குக் கிடைத்தது, ஏனென்றால் அவர்கள் போய்விட்டால் பின்னால் கோடிக்கணக்கான கண்களும் போய்விடும். கண்கள் போனால் விளம்பரக் காசு போய்விடும். தெரியாதவர்களின் பதிவுகளும் அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரும்பாலான தளங்களில் ‘நண்பர்கள்’ அல்லது ‘நீங்கள் பின்தொடர்கிறவர்கள்’ பதிவை மட்டும் காட்டும் ஒரு பகுதி மெனுவுக்குள் எங்காவது இருக்கும். உங்கள் ஊரில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் பையனிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்காட்டுவான். இரண்டாவது, மகளிடம் சொல்லி மாதம் பத்துப் படத்தை அச்செடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கூலிம் வாசகர்: டீச்சர், எனக்கு 26 வயது. பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு குழு நடத்துகிறேன். 6,000 பேர் இருக்கிறார்கள். ராத்திரி வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் அதிலேதான் போகும்; ஏமாற்றுக்காரர்களை நீக்குவது, சண்டையை விலக்குவது, கேட்டதற்குப் பதில் சொல்வது. சம்பளம் இல்லை. இப்போது தளம் புதிய விதிகள் போட்டு, நான் பயன்படுத்தி வந்த கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டது. 2023இல் ரெடிட்டில் எல்லாரும் சேர்ந்து கதவைச் சாத்தினார்களாமே. நாமும் சாத்திவிடலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘சம்பளம் இல்லை’ என்று எழுதிய இடத்தில் பேனாவை அழுத்தியிருக்கிறீர்கள்.

ரெடிட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது தலைப்பு வாரியாகப் பிரிந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் கொண்ட தளம். ஒவ்வொரு குழுவையும் உங்களைப் போலத் தொண்டர்கள்தான் கூட்டிப் பெருக்கிக் காவல் காக்கிறார்கள். தளத்தின் சொந்தச் செயலி பிடிக்காதவர்களுக்காக வெளியார் சிலர் நல்ல செயலிகள் செய்திருந்தார்கள். அப்பல்லோ அதில் ஒன்று. கிறிஸ்டியன் செலிக் என்பவர் செய்தது. தளத்திலிருந்து தகவலை எடுத்துவரும் வாசல் அதுவரை இலவசம். 2023இல் அதற்கு விலை வைத்தார்கள். தம் செயலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மில்லியன் டாலர் ஆகும் என்று செலிக் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு தனி மனிதர் எங்கே போவார்?

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அந்த வாசல் வழியாக மக்கள் எழுதியதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன. ரெடிட் அதுவரை லாபம் பார்க்காத நிறுவனம். காசு கேட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாத அவகாசத்தில் இவ்வளவு விலையைத் தலையில் போட்டதுதான் தவறு. பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வெளியார் செயலிகளை நம்பித்தான் அந்தத் தளத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். தளத்தின் சொந்தச் செயலி அவர்களுக்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை. அவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் சில செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது. முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா?

ஜூன் 12ஆம் தேதி 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. ஆனால் 48 மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாத்தினார்கள். இதை ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளையாகச் சொல்கிறேன், தம்பி. ‘இரண்டு நாள் காலை ஆள்கணக்குப் பெரட்டுக்கு வரமாட்டோம், மூன்றாம் நாள் காலை வாளியோடு வந்து நிற்போம்’ என்று சொல்லிவிட்டு வேலைநிறுத்தம் செய்தால், துரை என்ன செய்வார்? இரண்டு நாள் ரப்பர்ப் பால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெழுதும் கிராணியிடம் கணக்குக் கேட்டுவிட்டு, கிளப்புக்குப் போய்விடுவார். ரெடிட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. இதுவும் கடந்து போகும், வருமானத்தில் பெரிய பாதிப்பு இல்லை என்பதுதான் அதன் சாரம். அப்புறமும் திறக்காத குழுக்களின் தொண்டர்களுக்கு, திறக்காவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்ற எச்சரிக்கை போனது. ஜூன் 30ஆம் தேதி அப்பல்லோவைச் செலிக் மூடிவிட்டார்.

எனக்கு வலித்தது வேறொன்று. அந்தத் தலைமை அதிகாரி ஒரு பேட்டியில் தொண்டர்களை நிலச்சுவான்தார்களோடு ஒப்பிட்டார். முதலில் வந்து இடத்தைப் பிடித்தவர்கள் அதைப் பரம்பரையாக அனுபவிக்கிறார்கள், அது ஜனநாயகம் ஆகாது என்றார். சம்பளமில்லாமல் காட்டை வெட்டித் திருத்தியவனைப் பார்த்து, நிலத்துக்குச் சொந்தக்காரர் ‘நீ மிராசுதார்’ என்கிறார். விலை உயர்வைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அப்புறம் சமாதானம் எங்கிருந்து வரும்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். ஆங்கிலேயர் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. கூடவே ஒன்று இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. என் அப்பா அப்போது சிறு பையன், வேறு மாநிலத்தில். ஆனால் சம்பளக் கோரிக்கை எவ்வளவு என்பதை மறந்துபோன பிறகும், அந்த சைக்கிள் கோரிக்கையை மட்டும் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இணையத்தில் நடக்கும் கோபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சைக்கிள்தான் ஞாபகம் வரும். பொத்தானை இடம் மாற்றியதற்கா இவ்வளவு சத்தம் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சத்தம் பொத்தானுக்காக வருவதில்லை. ‘உன்னைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னதற்காக வருகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாத்தலாம். ஆனால் போக ஓர் இடம் இல்லாமல் சாத்தாதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் சேர்ந்தே இழந்தன. ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, தோட்டத்தையே வாங்கினார்கள். சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் உங்கள் கெடாவில்தான் இருக்கிறது, தம்பி. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் தோட்டம் காப்பாற்றப்படவில்லை. ஆனாலும் கத்திக்கொண்டே காசும் சேர்த்தவர்களுக்குக் காலூன்ற ஓர் இடம் கிடைத்தது.

இணையத்திலும் அப்படிச் சில முயற்சிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடோன் அப்படிப்பட்டது. அதற்கு ஒரே முதலாளி கிடையாது. ஆங்காங்கே குழுவினர் தங்கள் காசில் சர்வர் நடத்துகிறார்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ரெடிட் போன்ற குழுக்களுக்கு லெம்மி இருக்கிறது. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். சர்வர் நடத்துகிறவர் களைத்துப்போய் மூடிவிட்டால் நீங்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். 6,000 பேரில் 300 பேர் வந்தால் அதிகம்.

ஆகவே முதலில் குழுவில் உள்ள நல்ல பதில்களை எல்லாம் நகல் எடுங்கள். கார்புரேட்டர் பற்றி ஒரு கிழவர் எழுதிய நீண்ட விளக்கம் இருப்பதாகச் சொன்னீர்களே, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அடிக்கடி பேசும் ஐம்பது, அறுபது பேரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்துவதா வேண்டாமா என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள், தனியாக வேண்டாம். உங்களை அவர்கள் கேட்கவில்லை என்பதுதானே உங்கள் கோபம். சாத்தினால், திறக்கும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள்.

ஈப்போ வாசகி: எக்ஸ் தளத்தில் காசு கொடுத்து நீலக் குறி வாங்கலாமா? என் பலகாரக் கடைக்கு உதவுமா?

வேண்டாம் அம்மா. முன்பு அந்தக் குறிக்கு ‘இவர் உண்மையிலேயே இவர்தான்’ என்று அர்த்தம். ஈலான் மஸ்க் 2022 அக்டோபரில் 44 பில்லியன் டாலருக்கு டுவிட்டரை (அதுதான் இப்போது எக்ஸ்) வாங்கியதும், மாதம் 8 டாலர் கட்டினால் குறி என்று ஆக்கினார். யாரோ 8 டாலர் கட்டி, எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியின் பெயரில் ‘இன்சுலின் இனி இலவசம்’ என்று எழுதிவிட்டார்கள். சர்க்கரை நோயாளிகள் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார்கள்? கம்பெனி மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. உங்கள் முறுக்கை ஈப்போவில் தின்றவர்கள் பத்துப் பேர் சொன்னால் போதும். அந்தக் காசுக்கு எண்ணெய் வாங்குங்கள்.

பந்திங் வாசகர்: நான் கோவில் நிர்வாகக் குழுச் செயலாளர். 2021இல் வாட்ஸ்அப் விதிகளை மாற்றியபோது, எல்லாரும் வேறு செயலிக்குப் போவோம் என்று கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம். ஒரே மாதத்தில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு உறுதி இல்லையா?

அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய விதிகளை அனுப்பி, பிப்ரவரி 8க்குள் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயன்படுத்த முடியாது என்றது. அந்தத் தொனிதான் ஆளை விரட்டியது. 72 மணி நேரத்தில் 25 மில்லியன் புதியவர்கள் சேர்ந்ததாக டெலிகிராம் என்ற போட்டிச் செயலி அறிவித்தது. சிக்னல் என்ற இன்னொரு செயலியிலும் கூட்டம் நெருக்கியது. நம் சொந்தப் பேச்சுகளை யாரும் படிக்க முடியாது என்ற பூட்டு அந்த மாற்றத்தில் கழற்றப்படவில்லை. வியாபார நிறுவனங்களோடு பேசும் பேச்சுகளைப் பற்றியதுதான் முக்கிய மாற்றம். அதைத் தெளிவாகச் சொல்லாமல் கெடு வைத்தார்கள். எதிர்ப்பைக் கண்டு கெடுவை மே 15க்குத் தள்ளினார்கள். விதி மாறவில்லை.

ஏன் திரும்பினார்கள்? கேஸ் தோம்பு கொண்டுவருகிறவர் அங்கேதான் இருக்கிறார். பள்ளிக்கூடக் குழு அங்கே. டயாலிசிஸ் நிலையத்து நர்ஸ் அங்கே. ஒரு குடும்பம் மட்டும் வேறு குடியிருப்புத் தாமானுக்குக் குடிபோனால் கடை, பஸ், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும் அல்லவா? அதேதான். உறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் குழுவுக்கு ஒரே யோசனை: உபயதாரர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு, திருவிழா ஏற்பாடு எல்லாம் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்க வேண்டாம். தடித்த அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று கோவிலில் இருக்கட்டும்.

ரவாங் வாசகி: என் அக்கா அடிக்கடி பிரண்ட்ஸ்டர் என்று ஒன்றைப் பற்றிச் சொல்வாள். அது என்ன ஆயிற்று? உங்கள் குழுவும் ஒருமுறை அழிந்துபோனது என்று எழுதியிருந்தீர்களே, அதையும் சொல்லுங்கள்.

பிரண்ட்ஸ்டர் ஃபேஸ்புக்குக்கு முன்னோடி. 2002இல் அமெரிக்காவில் ஜொனதன் ஏப்ரம்ஸ் தொடங்கினார். அங்கே கூட்டம் குறைந்த பிறகும் நம் பக்கம், மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில், இளைஞர்கள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். 2009 டிசம்பரில் மலேசிய நிறுவனமான எம்ஓஎல் அதை வாங்கியது. நம் நாட்டுக்கே வந்துவிட்டது என்று என் பழைய மாணவிகள் சந்தோஷப்பட்டார்கள். 2011இல் அறிவிப்பு வந்தது: தளம் விளையாட்டுத் தளமாக மாறுகிறது, மே 31க்குப் பிறகு படங்கள், செய்திகள், நண்பர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய சாட்சிமொழிகள் எல்லாம் அழிக்கப்படும். எடுத்துக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதற்குள் பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்துவிட்டிருந்தார்கள். 2015இல் அந்த விளையாட்டுத் தளமும் நின்றுபோனது. உங்கள் அக்கா வீட்டில் பழைய கணினி இருந்தால் குப்பைக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் கேமராவிலிருந்து கணினிக்கு ஏற்றித்தான் தளத்தில் போடுவோம். படங்கள் உள்ளே இருக்கலாம்.

இனி என் கதை. அந்தத் தளத்தின் பெயர் வேண்டாம்.

நான் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏழு கல் தொலைவில் இருந்தது. அப்பா ரப்பர்ப் பால் வெட்டினார், அம்மா புல் வேலை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், அப்புறம் தோட்டம் கைமாறியது, லயத்து வரிசை வீடுகளை உடைக்கப் போகிறோம், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. இப்போது அங்கே ஒரு தாமான் இருக்கிறது. கோவில் மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. ஆட்கள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப் போனார்கள்.

அவர்களைச் சேர்க்கத்தான் ஒரு தளத்தில் குழு தொடங்கினேன். ஓராண்டில் 900 பேர் வந்தார்கள். யார் யாரோ பெட்டிக்கு அடியில் கிடந்த படங்களை எடுத்துப் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வாசலில் வரிசையாக ஏணைகள். பால் ஸ்டோர். தீமிதிக்குத் தென்னங்கீற்று கட்டும் பையன்கள். எங்கள் தமிழ்ப்பள்ளியின் 1972ஆம் ஆண்டுப் படம். அந்தப் படத்தில் 43 பிள்ளைகள். நான் போட்டபோது எனக்குத் தெரிந்த பெயர் பதினாறு. அடுத்த எட்டு மாதத்தில் கீழே ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள். ‘மேல் வரிசையில் மூன்றாவது நம்ம தண்ணிக்காரர் மகன், 1985இல் லாரி மோதி இறந்துபோனான்.’ ‘உட்கார்ந்திருப்பதில் கடைசிப் பெண் என் பெரியம்மா, பெயர் எழுதும்போது அழுகை வருகிறது.’ ஒருவருக்கு அப்பா முகமே தெரியாது. அந்தப் படத்தில்தான், பத்து வயதுப் பையனாக, முதன்முதலாகப் பார்த்தார்.

ஒரு நாள் தளம் குழுக்களின் அமைப்பை மாற்றியது. புதிய அமைப்புக்கு மாற, நிர்வாகி குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அறிவிப்பு நான் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. நான் பார்க்கும்போது குழுவில் படங்கள் இருந்தன. உறுப்பினர் பட்டியல் காலி. படங்களுக்குக் கீழே இருந்த எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. பதினொரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஒரே வாசகம், கையெழுத்து இல்லை. லயத்தை உடைக்க வந்த நோட்டீஸிலாவது ஒரு மேனேஜரின் கையெழுத்து இருந்தது.

படம் போயிருந்தால் யாரிடமாவது இன்னொரு பிரதி இருக்கும். பெயர்கள் அந்த ஓரிடத்தில்தான் இருந்தன. எழுதியவர்களில் நான்கு பேர் அதற்குப் பிறகு இறந்துவிட்டார்கள். என் பிள்ளைகள் ‘மறந்துடுங்கம்மா’ என்றார்கள். மறக்க முடியவில்லை. இந்தப் பகுதியை எழுத நான் ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிரம்பான் வாசகர்: சட்டம் என்று ஒன்று இல்லையா? அரசாங்கம் கேட்காதா?

இருக்கிறது. நம் நாட்டில் 8 மில்லியன் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகத் தளங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் அது மோசடி, இணையப் பகடிவதை, சிறுவர் பாதுகாப்பு போன்றவற்றை நோக்கிப் போடப்பட்ட விதி. முகப்பை ஏன் மாற்றினாய் என்று அதை வைத்துக் கேட்க முடியாது.

உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், உங்களைப் பற்றிய தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரக் கேட்கும் உரிமை வந்திருக்கிறது. தொழில்நுட்பம் இடம்கொடுத்தால் என்ற நிபந்தனையோடு. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடப்பில் இருக்கும் டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, உங்கள் பதிவையோ கணக்கையோ நீக்கினால் காரணம் எழுதித்தர வேண்டும். மேல்முறையீடு செய்தால் இயந்திரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, தகுதியுள்ள மனிதர் பார்க்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள். தேர்தலுக்கு வந்து கைகுலுக்கும்போது சாக்கடையைப் பற்றிக் கேட்கிறோம், தெருவிளக்கைப் பற்றிக் கேட்கிறோம். இதையும் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், மறுபடியும் கேட்பேன்.

கோல கங்சார் வாசகி: டீச்சர், நானும் உங்கள் தோட்டத்தில்தான் பிறந்தேன். அந்த 1972ஆம் ஆண்டுப் படத்தில் இப்போது எத்தனை பெயர் பாக்கி இருக்கிறது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். பெரிதாக அச்செடுத்து, பின்பக்கம் ஒவ்வொரு தலைக்கும் நேராகப் பென்சிலால் எண் போட்டு, ஒரு நோட்டில் பெயர் எழுதி வருகிறேன். 43இல் 34 பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. தைப்பூசத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேரை அடையாளம் காட்டினார்கள். ஒன்பது பாக்கி.

இரண்டாம் வரிசையில் இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக, ஒற்றைச் சடையில் வெள்ளை ரிப்பன் கட்டி, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெண். அவள் பக்கத்தில், சட்டையில் மேல் பொத்தான் இல்லாத பையன். கீழ் வரிசையில் ஆசிரியர் காலடியில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவன். சிலேட்டைப் பிடித்தவன் மேல் டிவிஷன் லயத்துப் பையன் என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம், பெயர்தான் ஞாபகம் இல்லை. இந்த மூவரை முதலில் சொல்லுங்கள். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். பத்திரிகை முகவரிக்குத் தபாலில் எழுதுங்கள், படத்தின் ஒரு பிரதியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.